மறுக்க மாட்டார்

எங்கள் விமான நிறுவனத்தில் யார் எந்த விமானத்தில் பறக்க வேண்டும் என்று டூட்டி போடுபவர் அவர். நான் பக்கத்து மேஜை. நாங்கள் அவருக்கு வைத்த பெயர் தராசு. அவர் மனைவி, எனக்கு அண்ணி, அதே நிறுவனத்தில் விமானப் பணிப்பெண். மனைவிக்குச் சலுகை காட்டினான் என்று யார் வாயிலும் விழுந்துவிடக் கூடாதாம். அதனால் மற்றவர்கள் தட்டிக்கழித்த டூட்டியையெல்லாம் அண்ணி தலையில் கட்டுவார். பதினெட்டு வருடம் இதே கதை. அண்ணியும் முகம் சுளிக்காமல் போவார். கிறுக்கு மனுஷன் என்று அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன்.

போன வருடம் அந்த வேலைக்குச் செயற்கை நுண்ணறிவு வந்தது. பழைய டூட்டிப் பட்டியல்கள் முழுவதையும் அதற்குக் கொடுத்துப் பழக்கினார்கள். பொய் சொல்லக் கூடாது, ஆள் கிடைக்காமல் விமானம் தாமதமாவது பாதியாகக் குறைந்தது.

"அப்பாடா, இனிமே அவளுக்கும் நியாயமா கிடைக்கும்" என்று தராசு சந்தோஷப்பட்டார்.

அண்ணியின் அம்மா மருத்துவமனையில் இழுத்துக்கொண்டிருந்தார். அண்ணிக்கு மறுநாள் முதல் விடுப்பு. பெட்டிகூடக் கட்டியாயிற்று. விடுப்புக்கு முந்தின நாள் மதியம் பார்த்து ஒரு பணிப்பெண்ணுக்குக் காய்ச்சல். அன்று இரவே கிளம்ப வேண்டிய நான்கு நாள் பயணம் அது. கண்ணிமைக்கும் நேரத்தில் திரை அண்ணியின் பெயரைக் காட்டியது. பக்கத்திலேயே காரணமும் இருந்தது: 'கூப்பிட்டால் மறுக்க மாட்டார்.'

"மாத்துங்கண்ணே. உங்களுக்குத்தான் அதிகாரம் இருக்கே" என்றேன்.

"பொண்டாட்டிக்காக மாத்தினான்னு சொல்லுவாங்கடா."

"சொல்லிட்டுப் போகட்டும். கிடக்கிறது அவங்க அம்மா."

மவுஸின் மேல் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அதைப் பிடுங்கி நானே மாற்றியிருக்க வேண்டும். செய்யவில்லை. அதற்குள் அண்ணியின் போனுக்குத் தகவல் போய், அவர் சம்மதமும் கொடுத்துவிட்டார்.

மூன்றாம் நாள் அந்த அம்மா போய்ச் சேர்ந்தார். அண்ணி வந்து இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது.

துக்கம் விசாரிக்கப் போனேன். அண்ணி அழுது ஓய்ந்து சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். தராசு அவருக்குத் தண்ணீரை நீட்டிக்கொண்டே, "அந்தப் பாழாப்போன மெஷின்..." என்று ஆரம்பித்தார்.

"அதைத் திட்டாதீங்க." அண்ணி குரலை உயர்த்தவில்லை. "பதினெட்டு வருஷமா நீங்க போட்டதைப் பார்த்துத்தானே அது கத்துக்கிச்சு?"

அவர் தண்ணீரைக் கீழே வைத்தார். நான் மட்டும் யோக்கியனா? முதுகுவலி வந்து மேஜைக்கு மாறும்வரை நானும் அண்ணியைப் போலப் பறந்தவன்தான். வயிற்றுவலி, காய்ச்சல் என்று பொய் சொல்லி நான் மறுத்த டூட்டிகளும் அந்தப் பட்டியல்களில் இருக்கின்றன. அவற்றுக்கெல்லாம் போனது அண்ணிதான்.