மாமாவும் என் எலிகளும்

மாமாவை நினைத்தால் முதலில் வருவது ஆய்வகத்தின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற அவர் முகம்தான். நான் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க வந்திருந்தார். உள்ளே நான் எலிக் கூண்டுகளின் பாட்டில்களை இடம் மாற்றிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கூண்டிலும் இரண்டு பாட்டில்: ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றதில் ஆல்கஹால் கலந்த தண்ணீர். ஒரு பக்கம் பழகிவிட்டால் எலி அந்தப் பக்கமே போகும் என்பதால் தினமும் இடது வலது மாற்றி வைப்போம். அப்போதுதான் அதற்கு உண்மையில் எது வேண்டும் என்று தெரியும். நான் வெளியே வந்ததும், "உன் எலிக்கு ரெண்டு பாட்டில் வச்சிருக்க. எனக்கு ஒரு பாட்டிலுக்கே உங்க அக்கா வீட்டை ரெண்டாக்குறா" என்றார். சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார்.

மாமா என் அக்காவின் கணவர். காந்தி மார்க்கெட் பக்கம் வாழைக்காய் மண்டி வைத்திருந்தார். தொட்டியத்திலிருந்து வாழைத்தார்கள் வந்து இறங்கும் விடியற்காலை முதல் கடை சாத்தும் வரை அவரைப்போல் கலகலப்பான மனிதரைப் பார்க்க முடியாது. சிக்கல் அதற்குப் பிறகுதான். வழியில் ஒயின் ஷாப்பில் ஏற்றிக்கொண்டு, ஸ்கூட்டரில் காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் வருவார். ஆராய்ச்சிக்காக அப்போது அவர்கள் வீட்டில்தான் தங்கியிருந்தேன். அக்கா பால்கனியில் நிற்பாள். வேறு யாருடைய ஸ்கூட்டரோ போனால் உள்ளே வருவாள், குக்கரைத் தொட்டுப் பார்ப்பாள், மறுபடி போவாள். நானும் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிப்பேன். விளக்கு வைத்த பிறகு அந்த வீட்டில் யாரும் நிம்மதியாக உட்கார்ந்ததாக நினைவில்லை.

நானாவது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் வந்து ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் பல வகை. அவற்றில் ஒரு வகையை மருந்தால் அடைத்துவிட்டால், ஆல்கஹால் தருகிற சுகம் குறைந்துபோகிறது, எலி அந்தப் பாட்டிலை முன்போல் தேடுவதில்லை. சோறு சாப்பிடும்போது இதை அக்காவிடம் அளந்துகொண்டிருந்தேன். வாந்திக்குக் கொடுக்கும் மாத்திரையும் அந்த ஏற்பியைத்தான் அடைக்கிறது என்று ஒரு தகவலையும் சேர்த்துச் சொன்னேன். அக்கா சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். "அதை இவருக்குக் குடுக்கலாம்ல?" என்றாள். எலி வேறு, மனுஷன் வேறு, எலியிலேயே சிலதுக்குக் கேட்கும் சிலதுக்குக் கேட்காது, டாக்டர் பார்க்க வேண்டும், அதற்கு மேல் மாமாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றேன். சத்திரம் பேருந்து நிலையச் சுவரில் 'குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கலாம்' என்று ஒட்டியிருக்குமே, அந்த நோட்டீஸ்காரர்களை எல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீ எலிகிட்ட கேட்டுக்கிட்டா குடுத்த?" என்றாள்.

அதன்பின் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கொஞ்ச நாளில் மாமா மாறத் தொடங்கினார். முதலில் குடித்தாலும் சீக்கிரம் வந்தார். பிறகு ஒரு நாள் குடிக்காமலேயே வந்தார். அப்புறம் அதுவே வழக்கமாயிற்று. அக்காவுக்கு மல்லிகைப்பூ, எனக்கு அல்வா. தெருவில் பார்ப்பவர்களிடம் எல்லாம், "மனசு வச்சா முடியாதா என்னங்க? நானே விட்டுட்டேன் பாருங்க" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். அந்தப் பெருமை அவர் முகத்தில் அவ்வளவு பொருத்தமாக இருந்தது. எனக்குத்தான் உள்ளே ஏதோ அரித்துக்கொண்டே இருந்தது. அக்கா சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் ஏன் அவர் கண்ணைப் பார்க்காமல் பரிமாறுகிறாள் என்று புரியவில்லை.

தலைவலி, வயிறு சரியில்லை என்று மாமா டாக்டரிடம் போய்விட்டு வந்த அன்று புரிந்தது. "என்ன மாத்திரை சாப்பிடுறீங்கன்னு கேக்குறார். மாத்திரையா? சரக்கையே விட்டவன் நான்னு சொல்லிட்டு வந்தேன்" என்று சிரித்தார். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். மண்டிக்குக் கொடுத்தனுப்பும் மோரில் தினமும் வாந்தி மாத்திரையைக் கரைத்துக்கொண்டிருந்தாளாம். கத்துவார் என்று நினைத்தேன். மாமா கத்தவில்லை. "அப்போ நான் விடலையா?" என்றார்.

"அந்தக் கடை கண்ணுல படக்கூடாதுன்னு தினமும் பைபாஸ் பாலத்துல சுத்திக்கிட்டு வந்தேனே, அதுவும் மாத்திரைதானா?" என்று அக்காவைக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. மாத்திரையா, நானா?" ஆய்வகத்தில் பாதி எலிகளுக்கு மருந்து போட்டால், மீதிக்கு வெறும் உப்புநீர் போடுவோம். இரண்டையும் வைத்துப் பார்த்துத்தான் எதையும் சொல்வோம். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு மாமா. "தெரியல மாமா" என்றேன். அன்று மாலை அவர் பழைய வழியில் வந்தார், பழைய நிலையில்.

இன்று நான் வேறு ஊரில் மாணவர்களுக்கு இதே ஏற்பிகளைப் பற்றிப் பாடம் எடுக்கிறேன். கரும்பலகையில் எலியின் மூளையை வரையும்போதெல்லாம் கை ஓரிடத்தில் நின்றுவிடும். கூண்டுக்குள் இருக்கும் எலிக்குச் சுற்றிப் போக வேறு பாதை கிடையாது. மாமா ஒரு பாதையைத் தேடிக் கண்டுபிடித்தார். அதை எந்த ஏற்பியின் கணக்கில் எழுதுவது? 'நீங்கதான் மாமா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று அக்கா இப்போதும் கேட்கிறாள். தெரியாததைத் தெரியும் என்று சொல்ல எனக்கு வரவில்லை. ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விட்டபாடில்லை.

அந்த மாலைக்குப் பிறகு சில வருடங்கள் அக்கா மறுபடி பால்கனியில்தான் நின்றாள். போன வருடம் ஒரு நாள் மாமா யாரிடமும் சொல்லாமல் தானே ஒரு டாக்டரிடம் போய் வந்தார். அன்று நான் விடுமுறைக்கு ஸ்ரீரங்கம் வந்திருந்தேன். மருந்துக் கடைக் கவரைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தார். அக்கா அதைத் தொடப் பயந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். மாமா அந்தக் கவரை அவள் பக்கமாகத் தள்ளினார்.

"நீயே குடு. ஆனா சொல்லிட்டுக் குடு" என்றார்.