கோழிக்கு விட்ட வழி

எங்கள் வீட்டில் பாகம் பிரித்தபோது தென்னந்தோப்பு, கிணறு, மாடு எல்லாம் ஒழுங்காகப் பிரிந்தன. பிரிய மாட்டோம் என்று அடம்பிடித்தவை இரண்டு கோழிகள்தான்.

கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். என் கணவரும் அவருடைய அண்ணனும் அதுவரை ஒரே அடுப்பில் சாப்பிட்டவர்கள். "தாயும் புள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறதானுங்க" என்று அண்ணன் சொன்னார். வீட்டுக்கு நடுவே சுவர் வந்தது, எனக்குத் தனிச் சமையலறை வந்தது. அண்ணன் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணமாகி வந்த நாள் முதல் அவரோடு வம்பு பேசிக்கொண்டே சமைத்தவள் நான். தனியாக நின்று தாளித்தால் கடுகு வெடிப்பதுகூட எரிச்சலாக இருந்தது. ஆனால் பிரித்த அன்று ஓர் இட்லிப் பானைக்காக இரண்டு வார்த்தை கூடிப்போயிருந்தது. முதலில் போய்ப் பேச ரோஷம் விடவில்லை. அவருக்கும் அதே வியாதி. அடுத்தபடியாகப் புழக்கடையிலும் ஹாலோ பிளாக் சுவர் எழுப்புவதாகப் பேச்சு. அதுவும் வந்துவிட்டால் அக்காவின் முகத்தை ஊர்க் கல்யாணங்களில்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

அந்த நேரம் பார்த்து அக்காவின் கறுப்புக் கோழியும் என் செவலைக் கோழியும் ஒன்றாக அடைக்கு வந்தன. மாட்டுக் கொட்டகையில் ஒரே கூடைக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டன. செவலையைத் தூக்கி என் பக்கம் தனிக்கூடையில் வைத்தேன். கையைக் கொத்திவிட்டுத் திரும்ப ஓடியது. அக்காவும் கறுப்பியைத் தூக்கிப் பார்த்ததில், கை வீங்கியதுதான் மிச்சம். தொலையட்டும் என்று ஒரே கூடையில் அடை வைத்தோம். பின்னால் பங்கில் குழப்பம் வரக்கூடாதே! என் முட்டைகளில் கரிக்கோடு போட்டேன். அக்கா தன் முட்டைகளில் பச்சை ஸ்கெட்ச் பேனாவால் வட்டம் போட்டார். இவ்வளவு கறார் எங்கள் ஆண்களுக்குக்கூட வராது.

குஞ்சு பொரித்த காலையில் இருவரும் கூடையருகே குனிந்தோம். இறக்கைகளுக்கு அடியிலிருந்து மஞ்சளும் கறுப்புமாகத் தலைகள் எட்டிப்பார்த்தன. கரிக்கோடும் பச்சை வட்டமும் உடைந்த ஓடுகளில் பத்திரமாக இருந்தன.

"அட கெரகமே! கோடு பூராவும் ஓட்டோடயே போயிருச்சே அம்மணி!" என்றார் அக்கா.

பிறந்ததிலிருந்து கோழிகளோடு வளர்ந்த இரண்டு பேருக்கு இது தோன்றவே இல்லை. கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். சிரித்து முடித்துவிட்டு அவரவர் சமையலறைக்குப் போனோம்.

அண்ணன் வந்து, ஆளுக்குப் பாதி என்று தீர்ப்புச் சொன்னார். அப்படியே பிரித்து அடைத்தோம். கறுப்பியிடம் விட்ட குஞ்சுகள் செவலையைக் கேட்டுக் கத்தின. செவலையிடம் விட்டவை கறுப்பிக்காகக் கத்தின. தாய்கள் இரண்டும் இரையைத் தொடவில்லை. சாயங்காலம் பொறுக்காமல் திறந்துவிட்டோம். அதன்பின் ஒருநாள் பருந்து தாழ இறங்கியபோது, செவலை எல்லாக் குஞ்சுகளையும் இறக்கைக்குள் அணைத்துக்கொள்ள, கறுப்பி எகிறிப் பாய்ந்து விரட்டியது. எது யார் பிள்ளை என்று இரண்டும் பார்க்கவில்லை. எனக்கு அந்தக் கோழிகள் மேல் பொறாமையாகவே இருந்தது.

சொன்னபடி மேஸ்திரி வந்துவிட்டார். நூல் பிடித்துக் கல் அடுக்க ஆரம்பித்தார். குஞ்சுகள் ஈரக் கலவையை மிதித்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடின. அப்போது அக்கா தன் பக்கத்திலிருந்து வந்தார்.

"ஏனுங்க மேஸ்திரி, இந்த எடத்துல ஒரு கல்லு உடுங்க. குஞ்சு போய் வரோணுமில்லீங்க."

மேஸ்திரி ஒரு கல் அளவு இடைவெளி விட்டார்.

"தாய்க்கோழி நுழையாதுங்க அக்கா" என்றேன், சுவரைப் பார்த்துக்கொண்டே.

மேஸ்திரி இன்னொரு கல்லையும் எடுத்துவிட்டார்.

"நாளைக்குச் சேவல் பெருசானா, கொண்டைக்கு எடம் வேணுமல்லங்க?" என்றேன்.

மேஸ்திரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "எவ்வளவு ஒசரந்தானுங்க உடறது? ஒரேதாச் சொல்லிப்போடுங்க."

அக்கா என்னைப் பார்த்தார்.

"என்ற ஒசரத்துக்கு உடுங்க" என்றார், தன் தலைக்கு மேல் கையை வைத்துக் காட்டி.

நான் குனிந்து குஞ்சுகளுக்குக் குருணை இறைத்தேன். நிமிர்ந்திருந்தால் அங்கேயே அழுதிருப்பேன்.