மூன்று பூங்காவுக்கும் ஒரே டிக்கெட்

பஸ் டிப்போவின் வெளிவாசலை ஒட்டிக் கண்ணாடி ஜன்னல் வைத்த ஓர் அறை. உள்ளே ஒரு மேசை, இரண்டு டெலிபோன், சுவரில் பெரிய கடிகாரம். அந்தக் கடிகாரத்துக்குக் கீழே பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கும் டைம் கீப்பரை டிரைவர்கள் சிவப்பு மை என்பார்கள். முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் சிவப்பு மை. வண்டி வாசலைத் தாண்ட ஒரு நிமிஷம் பிந்தினால் போதும், டிரைவரின் பேருக்கு நேரே சிவப்புப் பேனாவால் ஒரு கோடு விழும். மாசக் கடைசியில் கோடுகளை எண்ணி மேலே அனுப்புவாள். அதில் அவளுக்கு ஒரு திருப்தி உண்டு என்று டிரைவர்கள் சொல்வார்கள். பொய் இல்லை.

ஒரு டிரைவர், பெண்டாட்டியைப் பிரசவத்துக்குச் சேர்த்துவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து ஓடி வந்தான். நாலு நிமிஷம் தாமதம். "மேடம், பொண்ணு பொறந்திருக்கு" என்றான், வாயெல்லாம் பல்லாக. "சந்தோஷம். நாலு நிமிஷம் லேட்டு. காரணம் எழுத இந்த நோட்டுல கட்டம் இல்ல" என்று கோட்டைப் போட்டாள். அந்தப் பெண் குழந்தைக்கு இப்போது மூன்று வயசு. அவன் இன்னும் சிவப்பு மையோடு பேசுவதில்லை. அவளும் அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளவில்லை.

சரி, டிப்போவோடு விட்டாளா என்றால் அதுவும் இல்லை. வீட்டில் குளியலறை வாசலில் ஒரு கடிகாரம் மாட்டியிருந்தாள். ஆளுக்குப் பன்னிரண்டு நிமிஷம். பதிமூன்றாவது நிமிஷம் கதவைத் தட்டுவாள். பதினைந்து வயசு மகள், ஸ்கூல் பஸ் நிற்கும் முனையிலிருந்து வீட்டுக்கு நடந்துவர ஆறு நிமிஷம் ஆகும். ஏழாவது நிமிஷம் அம்மாவின் முகம் ஜன்னலில் தெரியும். டியூட்டியில் இருக்கிற நாளென்றால் எட்டாவது நிமிஷம் வீட்டு டெலிபோன் அடிக்கும். "வழியில யார்கூட நின்ன?" என்பதுதான் முதல் கேள்வி. மகள் பதில் சொல்வதை எப்போதோ நிறுத்திவிட்டாள். "வந்துட்டேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவாள்.

கணவர் பெயின்ட் கடையில் கலர் கலக்குகிறவர். ஆயிரம் கலர் கலக்கத் தெரிந்த மனுஷன், சொந்தமாக ஒரு கருத்துச் சொல்லச் சொன்னால் மென்று விழுங்குவார். இருபது வருஷம் குடும்பம் நடத்தியதில் அவர் கற்றுக்கொண்டது அதுதான்.

இன்னும் மூன்று வாரத்தில் மகள் மேல்படிப்புக்காக வேறு ஊர் ஹாஸ்டலுக்குப் போகிறாள். இரண்டு வருஷப் படிப்பு. நடுவில் எப்போதாவதுதான் வருவாள். இது சிவப்பு மைக்கு உள்ளே எங்கோ குத்திக்கொண்டே இருந்தது. மூன்று வருஷமாக எடுக்காத லீவைப் போட்டாள். ஒரு நாள், ஒரே ஒரு முழு நாள், மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எங்கேயாவது சுற்ற வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அதை மகளிடம் சொல்லியிருந்தால் அரை நிமிஷம் ஆகியிருக்கும். சொல்லத் தெரியவில்லை. கோடு போடத்தான் தெரியும்.

தீம் பார்க் யோசனையைக் கொண்டுவந்தது ஓரகத்தி. கொழுந்தனின் மனைவி. இவளுக்கு அவளைக் கண்டாலே ஆகாது, அவளுக்கு இவளைப் பிடிக்கவே பிடிக்காது. அவள் பல் டாக்டர் ஒருவரிடம் ரிசப்ஷனில் இருக்கிறாள். நாலு பேருக்குப் பத்து மணி என்று ஒரே நேரத்தைக் கொடுத்து, நாலு பேரையும் பதினொன்றரை வரை சிரித்த முகமாக உட்கார வைப்பது அவள் உத்தியோகம். ஜனங்கள் தாடையைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பதை நினைத்தாலே சிவப்பு மைக்கு ரத்தம் கொதிக்கும். போதாக்குறைக்கு அவளுக்குக் குழந்தை இல்லை, இவள் மகள்தான் செல்லம். மகளும் வீட்டில் திறக்காத வாயைச் சித்தியிடம்தான் திறப்பாள்.

ஊருக்கு வெளியே ஒரே காம்பவுண்டில் மூன்று பூங்காக்கள். ராட்டினங்கள் உள்ள பெரிய பூங்கா, தண்ணீர் பூங்கா, பனிப் பூங்கா. ஒவ்வொன்றுக்கும் தனி வாசல், தனிச் சோதனை, நடுவில் ஓடுவதற்கு ஒரு பஸ். ஒரு பூங்காவுக்கு மட்டும் டிக்கெட் எடுக்கலாம். மூன்றுக்கும் சேர்த்தும் எடுக்கலாம். ஒரு பூங்கா டிக்கெட்டில் ஒரு தடவை வெளியே வந்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொழுந்தனும் ஓரகத்தியும் இவள் வீட்டுக்கு வந்தார்கள். ஓரகத்தி கையில் போனை வைத்துக்கொண்டு, "மூணுக்கும் சேர்த்தே போட்டுடலாம்க்கா" என்றாள்.

சிவப்பு மை பதிலுக்கு ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள். டிப்போவில் வண்டிகளுக்கு நேரம் எழுதும் தாள். பூங்கா ஆபீசுக்கு மூன்று தடவை போன் பண்ணி விசாரித்து, கட்டம் கட்டமாக எழுதியிருந்தாள்.

"பத்துலேர்ந்து ஏழு வரைக்கும் ஐந்நூத்தி நாப்பது நிமிஷம். மூணு வாசல்ல செக்கிங், மூணு இருபது அறுபது. நடுவுல பஸ்ஸுக்கு நின்னு ஏறி இறங்க அறுபது. தண்ணியில துணி மாத்தி, ஈரம் காய நாப்பது. ஐஸ்ல கோட்டு பூட்ஸ் மாட்டிக் கழட்ட முப்பது. நூத்தித் தொண்ணூறு நிமிஷம் சும்மா போச்சு. ஒரே பார்க்குன்னா இருபது நிமிஷத்தோட போச்சு. எல்லா ரைடும் ஏறிடலாம்."

"அக்கா, நாம என்ன டூட்டிக்கா போறோம்?"

"கணக்குக்குப் பதில் சொல்லு."

"பதில் என்ன பதில்? பிடிச்சா இருப்போம், பிடிக்கலன்னா அடுத்ததுக்குப் போவோம். அதுக்குத்தான் அந்த டிக்கெட்டே."

"உன் க்ளினிக்குல பல்லு வலியோட உக்காந்திருக்கிறவன் அப்படிப் போக முடியுமா?"

ஓரகத்தியின் முகம் சுண்டிப்போனது. கொழுந்தன், "அண்ணி, எதுக்கு இப்ப அதெல்லாம்?" என்றான். கணவர் காபி டம்ளருக்குள் எதையோ தேடினார்.

"இந்தக் கட்டத்துல ஒரு சிரிப்புக்கு எத்தனை நிமிஷம் போட்டிருக்கீங்க? பாவம் இந்தப் பொண்ணு!" என்றாள் ஓரகத்தி.

"என் பொண்ணுக்கு என்ன வேணும்னு பெத்தவளுக்குத் தெரியும். பெத்துப் பாத்தாத்தான் அது புரியும்."

சொல்லக்கூடாத வார்த்தை. சொன்ன பிறகுதான் இவளுக்கே அது உறைத்தது. அப்போதாவது ஒரு மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்பாளா? தாளை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தாள். ஓரகத்தி போனைப் பார்த்தபடி, "எங்களுக்கு மூணு பார்க் டிக்கெட் போட்டுட்டேன். உங்களுக்கு எது வேணுமோ போட்டுக்குங்க" என்றாள். அதில் 'அக்கா' இல்லை.

கணவருக்கும் தனக்கும் ஒரு பூங்கா டிக்கெட் என்று சிவப்பு மை முடிவு செய்தாள். கணவர் தலையாட்டினார். மகளுக்கும் அதுவே என்று சொல்ல வாயெடுத்தவள், ஓரகத்தி முன்னால் ஜெயித்துக் காட்டும் ஆசையில், "நீயே சொல்லுடி. தாளைப் பாத்துட்டு, நல்லா யோசிச்சுச் சொல்லு" என்றாள்.

மகள் தாளை எடுத்தாள். மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தாள். மடித்து அம்மாவிடமே கொடுத்தாள்.

"எனக்கு மூணு பார்க் டிக்கெட்."

"ஏன்?"

"வேணும்."

நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டு இல்லை என்று சொல்ல முடியுமா? சிவப்பு மை பல்லைக் கடித்துக்கொண்டாள். 'போகட்டும், பட்டால் தெரியும்' என்று கறுவினாள். சொந்த மகளைப் பற்றித்தான் அப்படிக் கறுவினாள் என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

ஒரு வேனில் ஐந்து பேரும் போனார்கள். வாசலில் பிரியும்போது கொழுந்தன்தான், "காலையில தண்ணி, மத்தியானம் ஐஸ், நாலு மணிக்கு நாங்க இங்க வந்து உங்ககூடச் சேர்ந்துக்கறோம் அண்ணி" என்றான்.

"நாலு மணிக்கா?" என்று சிவப்பு மை மகளைப் பார்த்துக் கேட்டாள். மகள், "ம்" என்றாள்.

பெரிய பூங்காவில் சிவப்பு மை தாளின்படியே நடந்தாள். கப்பல் ஊஞ்சல், சுழலும் கோப்பை, இருட்டுக் குகை. ஒவ்வொன்றிலும் இறங்கியவுடன் கட்டத்தில் டிக் அடித்தாள். இரண்டாவது ராட்டினத்திலேயே கணவருக்குத் தலை சுற்றிவிட்டது. "நீ போய்ட்டு வாம்மா, நான் பையைப் பாத்துக்கறேன்" என்று ஒரு பெஞ்சில் சாய்ந்தவர், பையையும் பார்க்கவில்லை. தூங்கிப்போனார். எல்லா வண்டியிலும் இருவர் இருக்கை. ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் யாரோ ஒரு தெரியாத ஆளை உட்கார வைத்தார்கள். இருட்டுக் குகையில் ஒரு வாலிபன் இவள் காதருகே ஊளையிட்டான். அவனை முறைத்த முறைப்பில் அவன் பாதிக் குகையோடு வாயை மூடிக்கொண்டான்.

பன்னிரண்டேகாலுக்கு மகளுக்குப் போன் பண்ணினாள். "எங்க இருக்கீங்க?"

"தண்ணியிலதான்."

"ஐஸ் பார்க்குக்கு இப்ப பஸ் ஏறியிருக்கணும்."

"தெரியும்."

இரண்டே காலுக்குப் பண்ணினாள். பஸ்ஸுக்கு வரிசையில் நிற்பதாக மகள் சொன்னாள். "எத்தனை நிமிஷமா?" "தெரியலம்மா." சிவப்பு மைக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி. சொன்னேனா இல்லையா என்று பெஞ்சில் தூங்கும் கணவரை எழுப்பிச் சொன்னாள். அவர் சரி என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கினார்.

மூன்றே முக்காலுக்குள் ஒன்றே ஒன்றைத் தவிர எல்லாக் கட்டத்திலும் டிக் விழுந்துவிட்டது. அந்த ஒன்று, மலைபோல ஏறி இறங்கும் ரயில். மகள் சின்ன வயசில் டிவியில் பார்த்து, "அம்மா, உன்கூட உக்காந்துதான் போவேன், இல்லன்னா பயம்" என்று சொன்ன ரயில். அதை வேண்டுமென்றே நாலு மணிக்கு மேல் வைத்திருந்தாள்.

வாசலுக்கு வந்து, சுழலும் கம்பிக்கு உள்பக்கம் நின்றாள். நாலு ஆயிற்று. நாலே கால் ஆயிற்று. பஸ் வந்தது, யார் யாரோ இறங்கினார்கள். அடுத்த பஸ்ஸும் வந்தது. தன் ஆயுசில் ஒருத்தரையும் ஒரு நிமிஷம் பொறுக்காதவள் அந்த வெயிலில் நாற்பது நிமிஷம் நின்றாள். போன் பண்ணினாள், எடுக்கவில்லை. வெளியே போய்த் தேடலாமென்றால் திரும்ப உள்ளே வர முடியாது. "டிக்கெட்ல அப்படித்தான் மேடம் இருக்கு, காரணம் சொன்னா மெஷினுக்குப் புரியாது" என்றான் காவலாளி. அவனோடு பத்து நிமிஷம் சண்டை போட்டாள். அவன் கொட்டாவி விட்டான்.

ஐந்தரைக்கு மகளே கூப்பிட்டாள். பின்னால் ஒரே கூச்சல், சிரிப்பு. "அம்மா, நாங்க அங்க வரல. ஐஸ்லயே இருந்துடறோம். இங்க நல்லா இருக்கு."

"நாலு மணின்னு சொன்னியே!"

"சொன்னேன். வரல."

ரயிலில் அவள் தனியாகவே ஏறினாள். பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை. டிக் அடித்தாள்.

ஏழு மணிக்கு எல்லோரும் வேன் நிற்கும் இடத்துக்கு வந்தார்கள். மகளின் தலைமுடி ஈரம் காயாமல் ஒட்டிக்கிடந்தது. குளிரில் உதடு வெளுத்திருந்தது, முகம் மட்டும் பளிச்சென்று இருந்தது. அப்படி ஒரு முகத்தை அம்மா ரொம்ப நாளாகப் பார்க்கவில்லை. பார்த்த மாத்திரத்தில் சந்தோஷப்பட்டிருக்க வேண்டியவளுக்கு வயிறு எரிந்தது.

"மூணு பார்க்குக்கு டிக்கெட் எடுத்துட்டு ரெண்டுகூட முழுசாப் பாக்கல. என்ன சொன்னேன் நான்? நான் எல்லா ரைடும் ஏறியாச்சு" என்று தாளை ஓரகத்தியின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"நீங்கதான் ஜெயிச்சீங்க. போதுமா?" என்று ஓரகத்தி வேனுக்குள் ஏறப் போனாள்.

போதவில்லை. சிவப்பு மை மகள் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லுடி. நான் எழுதுனதுல ஒண்ணாவது தப்பாச்சா?"

"இல்லம்மா. எல்லாமே சரி. அன்னைக்குப் படிக்கும்போதே சரின்னு தெரியும்."

"தெரிஞ்சுமா அந்த டிக்கெட்டக் கேட்ட? அதுல அப்படி என்ன இருக்கு?"

மகள் கோபப்படவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"அதுலதான் நீ வரமாட்ட."

கணவர் வேன் கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றார். ஓரகத்தி படியிலிருந்து இறங்கி, "ஏய், என்ன பேச்சு இது? அம்மாகிட்ட அப்படிச் சொல்லக் கூடாது" என்று மகளின் தோளைப் பிடித்தாள். மனசாரத்தான் சொன்னாள்.

"என் பொண்ணு என்கிட்ட பேசறா. நடுவுல நீ யாரு?" என்றாள் சிவப்பு மை. சொல்லிவிட்டு, மகள் இன்னும் ஏதாவது சொல்வாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மகள் சித்தியின் கையை விலக்காமல் வேனில் ஏறிப் பின் சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

டிரைவர் இரண்டு தடவை, "கிளம்பலாங்களா?" என்று கேட்டான். சிவப்பு மை வெளியேதான் நின்றாள். கடைசியில் கணவர் கதவை விட்டு வந்து, கையைப் பிடித்து அவளை உள்ளே ஏற்றினார். பிறகு, "எடுப்பா" என்று அவர்தான் சொன்னார்.