போர்வைத் தொட்டிக்குள் பைலா

சவர்க்கார நுரை கணுக்காலுக்கு மேலே ஏறிக் கூசும்போது, வேலிக்கு அந்தப்பக்கத்து வீட்டு ரேடியோவில் பைலா என்கிற துள்ளல் பாட்டு தொடங்கிவிட்டால் போதும், என் கால் சும்மா நிற்காது. நோன்புக்கு முந்திய கிழமை எங்கள் கல்முனைப் பக்கத்து வீடுகளில் பாய், திரைச்சீலை, போர்வை என்று ஒன்றும் மிச்சமில்லாமல் கழுவிப் போடுவார்கள். கிணற்றடிச் சீமெந்துத் தொட்டிக்குள் தடித்த போர்வைகளை ஊறப்போட்டு, அதை மிதிக்கிற வேலையை உம்மா எனக்குத் தந்திருந்தா. வேலையா அது? எனக்கு அதுதான் பெருநாள்!

ஏனென்றால் எங்கள் வீட்டில் ஆட்டம் அறவே கிடையாது. "பொம்புளப் புள்ளைக்கு என்ன ஆட்டம்?" என்பார் வாப்பா, அத்தோடு கதை முடிந்தது. ஆனால் போர்வையை யாராவது மிதித்துத்தானே ஆகவேண்டும்! அடுத்த வீட்டு ரேடியோவுக்கு நாங்களா பொறுப்பு? பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தாளத்துக்கு ஒரு மிதி, "மறுகா" ஒரு மிதி, இடுப்பை ஒடித்துச் சுழன்று ஒரு "கிறுகல்" என்று நான் மிதித்த மிதியில் தண்ணீர் கிணற்றுக்கட்டு வரைக்கும் தெறிக்கும். யாரும் சொல்லித்தராமல் என் உடம்பு தானாகவே கண்டுபிடித்த ஆட்டம்; அவ்வளவு சந்தோசத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. பிடிபட்டால் அந்த ஒன்றும் போய்விடும்.

ஒருநாள் நான் கிறுகி நிமிர்ந்தால், எதிரே வாப்பா! பாட்டு உச்சத்தில் போகிறது, எனக்கு உயிர் போகிறது.

"என்ன, இவள் ஆடுறாளா?"

"ஆடுறாளா? போர்வை மிதிக்காள்" என்றா உம்மா, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். அத்தோடு விட்டாவா? "இவள்ர காலுக்குப் பெலன் காணாது" என்று சாரியைத் தூக்கிச் செருகித் தானும் தொட்டிக்குள் இறங்கி மிதித்தா பாருங்கள், யா அல்லாஹ், ஒரு தாளம் பிசகவில்லை! வாப்பா கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "நல்லா மிதியுங்க, ஊத்தை போகட்டும்" என்றுவிட்டு உள்ளே போனார். அவர் நம்பினாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்தத் தொட்டியை உடைத்து இப்போது அங்கே வோஷிங் மெசின் வைத்திருக்கிறோம். இந்த நோன்புக்கும் போர்வைகளை அதற்குள் போட்டுவிட்டு, முழங்கால் வலியோடு கதிரையில் இருந்த உம்மாவுக்குப் பக்கத்தில் நின்றேன். என் போனில் ஒரு பழைய பைலா போய்க்கொண்டிருந்தது. பிழிகிற நேரம் வந்ததும் மெசின் கடகடவென்று குலுங்கி, இருந்த இடத்தைவிட்டே நகரத் தொடங்கிற்று. உம்மா அதைப் பார்த்தா, மறுகா என் காலைப் பார்த்தா.

"மெசினே ஆடுது, ஒனக்கென்னகா? ஆடு!"

அத்தனை வருசமும் "மிதி, மிதி" என்றே சொன்ன உம்மா! செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஆடினேன்.