எருக்குழி ஓரத்துத் தாய்மரம்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு நர்சரியில் போய்ச் சண்டை போட்டேன். எங்கள் ஊர்ச் சண்டை, 'ங்க' போட்டுத்தான் நடந்தது. ஆனாலும் சண்டை சண்டைதான்!

என் மனைவியின் தம்பிக்குக் கிணத்துக்கடவில் தோட்டம். காய்த்துக்கொண்டிருந்த தென்னையை வெட்டிவிட்டு மலைவேம்பு நட்டார். சாதாரண நாற்று இல்லை... குளோன். நன்றாக வளர்ந்த தாய்மரத்தின் குச்சியை வெட்டி, வேர் பிடிக்க வைத்த கன்று. தாய் எப்படியோ பிள்ளையும் அப்படியே என்று நர்சரிக்காரர் சொன்னார். மச்சான் நம்பினார்.

மூன்று வருடம் ஆகிவிட்டது. பிளைவுட் கம்பெனிக்குப் போக வேண்டிய மரம் இன்னும் மண்வெட்டிக் காம்பின் பருமனைத் தாண்டவில்லை.

"உங்க மண்ணு சரியில்லீங்க. தாய்மரத்தைப் பாத்துட்டுப் பேசுங்க" என்றார் நர்சரிக்காரர்.

தாய்மரம் அவர் வீட்டுக்குப் பின்னால் நின்றது. ஒருவர் கட்டிப்பிடித்தால் கை எட்டாது. மச்சான் முகம் தொங்கிப் போனது. தன் மண்ணைத்தான் நொந்துகொண்டிருந்தார், பாவம். நான் மரத்தின் அடியைப் பார்த்தேன். ஒரு பக்கம் மாட்டு எருக்குழி. இன்னொரு பக்கம் பாத்ரூம் தண்ணீர் வந்து விழுகிறது.

"ஏனுங்க, இதோட கன்னைக் காஞ்ச மண்ணுல வெச்சுப் பாத்தீங்களா?"

"எதுக்குங்க? கண்ணுலயே தெரியுதே!"

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! பத்து மரத்தின் கன்றுகளை ஒரே மண்ணில், ஒரே தண்ணீரில் வளர்த்து, முந்துகிற மரத்தை அல்லவா தாய்மரமாக எடுக்க வேண்டும்? அப்போதுதானே வளர்ந்தது மரத்தின் குணத்தாலா, தின்ற தீனியாலா என்று தெரியும்? அந்தச் சோதனையை இந்த மனிதர் என் மச்சான் தோட்டத்தில், மச்சான் செலவில், மச்சானுக்கே தெரியாமல் நடத்தியிருக்கிறார்!

வீட்டுக்கே மூன்று டியூஷன் மாஸ்டர் வரும் பையனின் போட்டோவை பிளெக்ஸில் போட்டு 'எங்கள் பள்ளியில் சேருங்கள்' என்கிறார்களே — அதே வியாபாரம்தான்.

நான் கத்த ஆரம்பித்தேன். மச்சான் என் கையைப் பிடித்தார். "விடுங்க மாமா."

பிறகு நர்சரிக்காரரிடம் திரும்பி, ரொம்பப் பணிவாகச் சொன்னார்:

"எனக்கு வேறொண்ணும் வேண்டாமுங்க. அந்த எருக்குழிக்கும் ஒரு குளோன் போட்டுக் குடுத்துருங்க. தென்னை நின்ன எடத்துல வெச்சுக்கறேன்."