மாட்டை அடிக்காமல் மலைக்குப் போவது

எழுபதுகளின் தொடக்கத்தில் விருத்தாசலத்திலிருந்து திருநறுங்கொண்டைக் குன்றுக்குப் போக மூன்று வழிகள் இருந்தன. மூன்றும் பாதி தூரம்தான் போகும். ரயிலில் போனால் உளுந்தூர்பேட்டை ஸ்டேஷனில் இறங்கலாம். ஊருக்கு அங்கிருந்து தனியாகப் போய்ச் சேர வேண்டும். பஸ்ஸில் போனால் ஊருக்குள்ளேயே இறங்கி, திருக்கோவிலூர் பஸ்ஸைப் பிடித்து, பிரிவு ரோட்டில் இறங்கி, அதற்கு மேல் கால் உள்ளவர்கள் நடக்கலாம். மூன்றாவது வழி என் கணவர் சொன்னது. அவர் பீங்கான் தொழிற்கூடத்தில் சூளை வேலை பார்த்தார். வைக்கோல் சுற்றிய ஜாடிகளை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி அந்தப் பக்கம் போகும், டிரைவரிடம் சொல்லிவிடுகிறேன் என்றார். எப்போது போகும் என்று கேட்டேன். ஜாடி வெந்ததும் போகும் என்றார்.

போக வேண்டியிருந்தது எனக்கல்ல, பக்கத்து வீட்டு அக்காவுக்கு. அவர்கள் நயினார்கள், தமிழ்ச் சமணர்கள். அவர் வீட்டுக்காரர் அதே தொழிற்கூடத்தில் கணக்கு எழுதினார். அவருக்கு மஞ்சள் காமாலை வந்து, ஆள் பிழைப்பாரா என்று தெருவே பேசி, ஒருவழியாகத் தேறியிருந்தார். அவர் தேறினால், குன்றின் மேல் இருக்கும் சாமியைப் பார்க்கும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் வருகிறேன் என்று அக்கா வேண்டிக்கொண்டிருந்தார். பழங்காலத்தில் சமண முனிவர்கள் மடம்போல் தங்கியிருந்த குன்று அது. அவர்கள் படுத்த கல் படுக்கைகள் இன்னும் பாறையில் இருக்கின்றன. தலையணையும் கல்லுதான் என்று அக்கா பெருமையாகச் சொல்வார். இதில் என்ன பெருமை என்று எனக்குப் புரிந்ததில்லை.

அவர்கள் வீட்டில் சூரியன் இறங்கிவிட்டால் சாப்பாடு கிடையாது, தண்ணீரும் கிடையாது. ஆகவே கணக்கு இப்படி. முதல் நாள் சாயங்காலம் சாப்பிட்டாயிற்று. மறுநாள் வெளிச்சம் இருக்கும்போதே சாமியைப் பார்த்துவிட்டால் தண்ணீர் குடித்து, அடிவாரத்தில் சொந்தக்காரர் வீட்டில் சாப்பிடலாம். வெளிச்சம் போய்விட்டால் அதற்கும் மறுநாள் விடியும்வரை ஒன்றும் இல்லை. ஏற்கெனவே அக்கா கணவரைப் பார்த்துப் பார்த்துத் துரும்பாக இளைத்திருந்தார். வீட்டுக்காரரால் இன்னும் பஸ்ஸில் உட்கார முடியாது. "நீ கூடப் போயிட்டு வாம்மா. மத்தியானத்துக்குள்ள மலை ஏறிடலாம்" என்று அவரே என்னிடம் சொன்னார். எனக்கு ஒரு வேளை காப்பி தாமதமானால் வீட்டில் பாத்திரங்கள் பேச ஆரம்பிக்கும். விரதக்காரிக்குத் துணையாக என்னைப் போய் அனுப்பினார்கள்.

பஸ்ஸில் போவது என்று முடிவானது, அதுதான் நேரத்துக்குப் போகும் என்பதால். மங்கலம்பேட்டையில் கல்யாணச் சீர் பீரோ ஒன்று கூரையில் ஏறியது. அதன் கதவில் ஆள் உயரக் கண்ணாடி. கண்ணாடி மேலே இருக்க வேண்டுமா கீழே இருக்க வேண்டுமா என்று பெண் வீட்டாருக்கும் கண்டக்டருக்கும் பேச்சு வளர்ந்தது. பஸ்ஸில் இருந்த எல்லோரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். நானும் சொன்னேன், யாரும் கேட்கவில்லை. மேலே வைத்துக் கட்டி, அவிழ்த்து, கீழே வைத்துக் கட்டினார்கள். உளுந்தூர்பேட்டைக்குப் போனபோது திருக்கோவிலூர் பஸ் போய்விட்டிருந்தது.

அடுத்த பஸ் வரும்வரை ஒரு டீக்கடைக்கு எதிரில் உட்கார்ந்திருந்தோம். வடை பொரியும் வாசனை வந்துகொண்டே இருந்தது.

"நீ சாப்புடு பாப்பா, உனக்கென்ன வேண்டுதலா?" என்றார் அக்கா.

"பசிக்கலக்கா" என்றேன். அதைவிடப் பெரிய பொய்யை நான் சொன்னதில்லை.

பிரிவு ரோட்டில் இறங்கும்போது வெயில் சாய்ந்துவிட்டது. ஒரு மாட்டு வண்டி நின்றது. இனி கவலையில்லை என்று ஏறினேன். அக்கா ஏறுவதற்கு முன் வண்டிக்காரரிடம் நிபந்தனை போட்டார்.

"மாட்டை அடிக்கக் கூடாதுங்க. வாலை முறுக்கக் கூடாது."

"அப்ப எப்பிடிம்மா ஓட்டறது?"

"அதுவே போவும்."

"போவும்மா. எப்ப போவும்ங்கறதுதான்."

மாடுகள் போயின. வழியில் புல் இருந்த இடத்தில் எல்லாம் நின்றன. புல் இல்லாத இடத்தில் ஏன் புல் இல்லை என்று யோசிப்பவைபோல நின்றன. வண்டிக்காரர் முதலில் சத்தம் கொடுத்தார், பிறகு கெஞ்சினார், கடைசியில் இறங்கிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். சூரியன் மட்டும் யார் சொல்லும் கேட்காமல் இறங்கிக்கொண்டிருந்தது. அக்காவின் உதடு வெடித்திருந்தது. பாரம் குறையட்டும் என்று இறங்கி நடந்தவர், சற்று தூரத்திலேயே தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். தூக்கி ஏற்றினோம்.

"அக்கா, ஒரே ஒரு தட்டு. வலிக்காம தட்டச் சொல்றேன்" என்றேன்.

வண்டிக்காரர் சாட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தார். அக்கா வானத்தைப் பார்த்தார், பிறகு மாடுகளைப் பார்த்தார்.

"நான் சாப்புடறதுக்கு அது அடி வாங்கணுமா?"

வண்டிக்காரர் சாட்டையை வைத்துவிட்டார். எனக்கு அக்காமேல் கோபம், மாட்டின்மேல் கோபம், அந்தக் கல் தலையணை முனிவர்கள்மேலும் கோபம்.

அடிவாரத்தில் பனைமரங்களுக்குப் பின்னால் சூரியன் மறைந்துவிட்டிருந்தது. சொந்தக்காரர் வீட்டில் சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். அந்த வீட்டு அம்மா எங்களைப் பார்த்து, "அடடா, போயிடுச்சேம்மா" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா அழவில்லை. காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் ஒரு செம்பு மட்டும் அவரிடம் வாங்கி என் கையில் கொடுத்துவிட்டுப் படி ஏறினார்.

மேலே போனால் மேற்கில் சூரியன் இருந்தது. கீழே மரம் மறைத்தது, இங்கே மறைக்க ஒன்றுமில்லை. சிவந்து, அடிவிளிம்பு தரையில் பட்டு நின்றது. அக்கா சாமியின் முன் கண்ணை மூடி நின்றார். நான் செம்போடு வாசலில் நின்று உள்ளே ஒரு பார்வை, மேற்கே ஒரு பார்வை பார்த்துக்கொண்டிருந்தேன். நான் சாமியிடம் எதையும் அவ்வளவு கெஞ்சிக் கேட்டதில்லை.

அவர் வெளியே வந்தபோது கால்வாசிச் சூரியன் மிச்சம் இருந்தது.

"அக்கா, இருக்குது. குடிங்க, குடிங்க."

செம்பை வாங்கினார். உதடு வரை கொண்டுபோனவர் நிறுத்தினார்.

"மாட்டுக்குத் தண்ணி காட்டினாரா?"

"காட்டியிருப்பாரு, நீங்க குடிங்க."

"பாத்துச் சொல்லு."

பாறை விளிம்புக்கு ஓடிப் போய் எட்டிப் பார்த்தேன். கீழே குளத்தில் வண்டிக்காரர் நின்றிருந்தார். இரண்டு மாடுகளும் தலையைக் கவிழ்த்து, அவசரமே இல்லாமல் குடித்துக்கொண்டிருந்தன.

"குடிக்குதுக்கா" என்று கத்திக்கொண்டே திரும்பினேன்.

மேற்கே வெறும் சிவப்புதான் இருந்தது. அக்கா செம்பைத் தலை வரை தூக்கி ஒரு கும்பிடு போட்டுவிட்டு என்னிடம் நீட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்தில், அழுதுகொண்டே, அவர் எதிரிலேயே அந்தத் தண்ணீர் முழுவதையும் மடமடவென்று குடித்தேன்.

"மெதுவா குடி, பொரை ஏறிடும்" என்று என் முதுகைத் தடவிக் கொடுத்தார்.