பாதிக் கட்டணக் கடிதம்

பல்கலைக்கழகம் போக மகளுக்குப் புள்ளி போதாமல் போன அந்த வருடம், கிளிநொச்சியில் இருந்த ஒரு தனியார் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. கணினிப் படிப்புக்கு அவளுக்குப் புலமைப்பரிசில் கிடைத்திருக்கிறதாம். பாதிக் கட்டணம் கட்டினால் போதுமாம். குசினியில் சமைத்துக்கொண்டிருந்த என்னிடம் அவள் கடிதத்தோடு ஓடிவந்தாள்.

"உன்ர விலாசம் அவங்களுக்கு ஆர் குடுத்தது?" என்றுதான் நான் முதலில் கேட்டேன்.

இந்தச் சந்தேகம் எனக்குப் பிறவியிலேயே இருந்ததில்லை. சண்டை முடிந்து முள்ளியவளைக்குத் திரும்பிய புதிதில் ஒரு தொண்டு நிறுவனம் தையல் மெஷின் தருவதாகச் சொல்லி என்னை மேடையேற்றியது. மெஷினுக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார்கள், கையெழுத்தும் வாங்கினார்கள். பந்தலைப் பிரிக்கும்போது மெஷினையும் தங்கள் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

மகளின் பிடிவாதத்துக்காகக் கிளிநொச்சிக்குப் போனோம். மாடியில் குளிரூட்டிய அறை. பக்கத்துக் கதிரையில் தன் மகளோடு இருந்த ஒரு முஸ்லிம் தாயின் கையிலும் அதே கடிதம். பெயர் மட்டும்தான் வேறு.

"உங்கட பிள்ளைக்கும் கிடைச்சதோ?" என்று கேட்டேன்.

"ஓம் அக்கா. சோதினைகூட வைக்கேல்ல. நல்ல மனுசர்."

உள்ளே போனதும் முகாமையாளரிடம் கேட்டேன்: "முழுக் கட்டணம் ஆர் தம்பி கட்டுறது?"

"வசதியான ஆக்கள் கட்டுவினம் அம்மா."

"பதிவுக் காசு, சோதினைக் காசு எல்லாம் இந்தப் பாதிக்குள்ளயோ?"

"அது வேற."

"அப்ப முடிக்கும்வரைக்கும் எவ்வளவு வருமெண்டு ஒரு தாளில எழுதித் தாங்கோ."

அவருடைய சிரிப்பு நின்றது. "இண்டைக்குப் பதிஞ்சாத்தான் இந்தச் சலுகை" என்றார். நான் எழுந்துவிட்டேன்.

படியில் இறங்கும்போது வரவேற்பில் வேலை செய்த பெண்பிள்ளை பின்னால் வந்து மெல்லச் சொன்னாள்: "ரெண்டு வருசமா இங்க இருக்கிறன் அம்மா. முழுக்காசு கட்டின ஒருத்தரையும் நான் காணேல்ல."

திரும்பி ஏறிப்போய் அந்தத் தாயிடம் அதைச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நாங்கள் விட்டிட்டுப் போனா உங்கட பிள்ளைக்கு இடம் கிடைக்குமெண்டோ?" என்று கேட்டார். நான் மகளைக் கூட்டிக்கொண்டு இறங்கினேன்.

பஸ்ஸில் மகள் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். "நீங்கள் ஒருத்தரையும் நம்பமாட்டியள்" என்று மட்டும் சொன்னாள்.

பிறகு வவுனியாவில் அரசாங்கத்தின் தொழில்நுட்பக் கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்தது. கட்டணம் இல்லை. வருமானம் குறைந்த பிள்ளைகளுக்கு மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு என்றார்கள். வவுனியாவுக்குக் கொஞ்சம் தள்ளிப் பூவரசங்குளத்தில் இருக்கும் என் தங்கை வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வந்தாள். உதவித்தொகைப் படிவத்தில் வங்கிக் கணக்கு இலக்கமும் என் கையெழுத்தும் கேட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் படிவத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். அவள் கேட்கும்போதெல்லாம் "பிறகு பாப்பம்" என்றேன். நாளடைவில் அவள் கேட்பதை விட்டாள்.

நாலு மாதம் கழித்துப் பார்க்கப் போனபோது மகள் மெலிந்துபோயிருந்தாள். மத்தியானச் சாப்பாட்டை விட்டுத்தான் பஸ் காசைச் சமாளிக்கிறாள் என்று அவளுடைய தோழி சொன்னாள். தன் வங்கிப் புத்தகத்தையும் விரித்துக் காட்டினாள். ஒரு மாதமும் தவறாமல் உதவித்தொகை விழுந்திருந்தது.

அடுத்த கிழமையே படிவத்தோடு கல்லூரி அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண் அலுவலர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "கழிஞ்ச மாசங்களின்ர காசு இனி வராது அம்மா. இனிமேல்தான் போடுவினம்" என்றார். மகள் பக்கத்தில்தான் நின்றாள். அவள் ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

முதல் தொகை விழுந்த அன்று எனக்குப் போன் எடுத்தாள். "காசில ஏதும் பிடிச்சுக்கொண்டவையோ?" என்று என் வாய் கேட்டுவிட்டது.

"இல்லையம்மா, முழுக்க வந்திட்டுது" என்றாள். "நான் சாப்பிட்டிட்டன்."